அட்டையை வெட்டும்போது பெயரும் போய்விடுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் நம் பெரியவர்களிடம், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில் வெள்ளை ஒன்று, மஞ்சள் அரை, ராத்திரிக்குச் சின்ன ரோஸ் ஒன்று" என்பார்கள். பெயர் வராது. இதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. இங்கே பர்மாவில் கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலு, ஆறு என்று கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயரும் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் அச்சான ஓரம் பல சமயம் கடையிலேயே தங்கிவிடுகிறது. இன்னும் சில கடைகளில் எல்லாவற்றையும் உதிர்த்து, வேளைக்கு ஒன்றாகச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் சளிக்கு அப்படி வாங்கினாலே சரியில்லை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய இதய மருந்தை அப்படி வாங்கவே கூடாது.

யாங்கோன் கடைகளில் இந்திய மருந்து, பங்களாதேஷ் மருந்து, தாய்லாந்து மருந்து, உள்நாட்டு மருந்து எல்லாம் கலந்தே கிடைக்கின்றன. போன மாதம் இருந்த கம்பெனிச் சரக்கு இந்த மாதம் இருக்காது. மருந்து ஒன்றுதான், ஆனால் நிறமும் வடிவமும் பெட்டியின் பெயரும் மாறிவிடும். நிறத்தை மட்டும் நம்பியிருப்பவர் புதிதாக வந்ததை வேறு மருந்து என்று நினைத்து, மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்தே சாப்பிடுவார். இரத்த அழுத்த மாத்திரை இப்படி இரட்டிப்பானால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்த ஒரே கேப்சூல் கிடைக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான லோசார்ட்டனோடு, சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரை சேர்ந்ததும் கிடைக்கிறது. அப்படிக் கூட்டு மருந்து எழுதிக் கொடுக்கும்போது, "தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால், மூன்றும் சேர்ந்தே உள்ளே போகும்.

பொட்டலத்தின் மேல் எழுதும் எண்ணிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பர்மிய எண்களில் ஒன்றும் பூஜ்யமும் வளையங்கள்தான். வளையம் திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் பூஜ்யம். அவசரத்தில் பேனா முனை கொஞ்சம் இழுத்துவிட்டால் "காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று" என்பது மூன்று வேளையும் ஒன்று என்று ஆகிவிடும். கண் மங்கிய எழுபது வயதுப் பாட்டி விளக்கு வெளிச்சத்தில் அதைப் படிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே எண்ணை எழுதுகிறவர்கள் பக்கத்தில் எழுத்திலும் எழுத வேண்டும்: காலை, மதியம், இரவு என்று தமிழிலோ பர்மியத்திலோ, எது அந்த வீட்டில் படிக்க வருமோ அதில். வேண்டாத வேளைக்கு ஒரு கோடு போட்டாலே போதும்.

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நேரம் பார்த்திருப்பீர்கள். வண்டி வாசலில் நிற்கும், மகன் பணம் கட்டப் போயிருப்பான், மருமகள் பையைக் கட்டிக்கொண்டிருப்பாள். அந்த நெரிசலில் எட்டு மருந்தை ஒரே மூச்சில் சொல்லி, "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். பர்மியத்தில் "ஹொக்கே" என்பார்கள், தமிழில் "சரிங்க" என்பார்கள். இரண்டும் மரியாதைக்குச் சொல்வது. புரிந்ததற்கு அடையாளம் அல்ல.

கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளிடம் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள் அம்மா?" என்று கேளுங்கள். அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் நாம் சொன்ன விதம் போதவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மருந்துக்கு மேல் சொல்லிக் கொடுக்காமல், படுக்கையில் இருக்கும் நாட்களிலேயே தொடங்கிவிட்டால் கடைசி நாளில் அள்ளித் திணிக்க வேண்டியதில்லை. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அது நோயாளி அல்ல, மருமகளோ பேரனோதான்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். பெயரும் மில்லிகிராமும் என்ன, எதற்காக, எப்போது, எத்தனை நாள், என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும். எதற்காக என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும் குறை. காரணம் தெரியாத மாத்திரையை உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவார்கள்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஆஸ்பிரின் 75 முதல் 100 மில்லிகிராம் வரையும், க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராமும் தினம் ஒரு வேளை கொடுப்பார்கள். இரண்டும் ஏன் என்றால், புதிதாக வைத்த கம்பி வலையின் மேல் இரத்தத் தட்டுகள் ஒட்டி உறையப் பார்க்கும். வலையின் மேல் குழாயின் உட்தோல் வளர்ந்து மூடும்வரை அதைத் தடுத்தாக வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு வைத்ததென்றால் பெரும்பாலும் 12 மாதம் இரண்டையும் சாப்பிடச் சொல்வார்கள். சிலருக்கு மருத்துவர் காலத்தைக் குறைப்பார். "நெஞ்சு வலி போய்விட்டது" என்று மூன்றாம் மாதமே ஒன்றை விட்டால் வலை ஒரே நாளில் அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போகும் இடத்தில் "இரத்தம் நிற்காது, ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பல் ஈறில் பஞ்சை அழுத்தி இரத்தத்தை நிறுத்தலாம். அடைத்த ஸ்டென்டுக்கு அப்படி எளிதான கைவைத்தியம் கிடையாது. மலம் தார் போலக் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டு மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைக் கெடுப்பது முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் வாங்கும் பொட்டலம்தான். பெயரில்லாத அந்தப் பையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்கக்கூடும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கக்கூடும். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைத் தளர்த்தும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். இதயம் பலவீனமானவர் நாலைந்து நாள் இதைச் சாப்பிட்டாலே கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிக்கலாம். ஐபுப்ரோஃபெனுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஆஸ்பிரினுக்கு முன்னால் அதைச் சாப்பிட்டால் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், ஆஸ்பிரின் சாப்பிட்டும் பயனில்லாமல் போகும். வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் கேட்டு, பெயர் பார்த்து வாங்குங்கள். "எனக்கு இதய நோய் இருக்கிறது, டைக்ளோஃபெனாக் வேண்டாம்" என்ற ஒரு வாக்கியத்தைக் கடையில் பர்மியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பலர் சட்டைப் பையில் இருக்கிறது, வைக்கும் முறைதான் தெரியவில்லை. முதலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்து தலையை உடைத்துக்கொள்வார்கள். நாக்குக்கு அடியில் ஒன்று வைத்து, விழுங்காமல், மெல்லாமல், தண்ணீர் குடிக்காமல் கரையவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம். வலி போகவில்லை என்றாலோ கூடினாலோ அப்போதே வண்டிக்குச் சொல்லிவிட்டு இரண்டாவது வைக்கலாம். இன்னும் 5 நிமிடம் கழித்து மூன்றாவது. அதற்கு மேல் வேண்டாம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று விடியும்வரை காத்திருப்பதில்தான் இதயத் தசை செத்துப்போகிறது. அந்த மாத்திரை கிளிசரில் ட்ரைநைட்ரேட் என்றால் வந்த பாட்டிலிலேயே, மூடி இறுக்கி வைக்க வேண்டும். பஞ்சு திணித்தாலும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாலும் மருந்து ஆவியாகி வெறும் மாவுதான் மிஞ்சும். திறந்த தேதியை மேலே எழுதி, 8 வாரம் கழிந்தால் புதிது வாங்குங்கள். ஆண்கள் ஒன்றைக் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆண்மைக்கு என்று விற்கும் சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த மாத்திரையை வைத்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கும். சாப்பிட்டிருந்தால் அவசர சிகிச்சையில் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி வராமலிருக்கத் தினமும் விழுங்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மில்லிகிராமைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் சாப்பிடச் சொன்னால், "இரண்டு வேளை என்றால் காலையும் இரவும்தானே" என்று வீட்டில் திருத்திவிடுகிறார்கள். திருத்தக் கூடாது. நாள் முழுக்க இந்த மருந்து இரத்தத்தில் இருந்தால் உடம்பு அதற்குப் பழகி, மருந்து வேலை செய்யாமல் போகும். இரவில் ஓர் இடைவெளி விடுவதற்காகத்தான் அந்த நேரம்.

இதயம் பலவீனமானவர்களுக்கு வருவோம். ஃப்ரூஸமைடு என்ற நீர் மாத்திரை 40 மில்லிகிராம் காலையில் சாப்பிட வேண்டியது. இரண்டாவது வேளை இருந்தால் பிற்பகல் நாலு மணியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரவெல்லாம் எழுந்து போக வேண்டி, இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள். இல்லையேல் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். வெளியூர் பஸ் ஏறும் நாளில் மாத்திரையைத் தவிர்க்காமல், போய்ச் சேர்ந்ததும் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இவர்கள் வீட்டில் ஓர் எடை மெஷின் இருப்பது டானிக் பாட்டிலை விட உபயோகம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில், சமதரையில் வைத்து நின்று எண்ணை எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பு அல்ல, தேங்கிய நீர். கால் வீங்கும் முன்பே, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை அடுக்கும் முன்பே, எடை மெஷின் சொல்லிவிடும். அன்றே மருத்துவரைப் பார்த்தால் மாத்திரை அளவைக் கூட்டியே சரிசெய்துவிடலாம்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். நம் வீட்டில் குழம்பில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஙப்பி (மீன் விழுது), கருவாடு, ஊறுகாய் மூன்றும் வைத்துச் சாப்பிட்டால் குறைத்ததாக ஆகாது. மொஹிங்கா நூடுல்ஸில் ஊற்றும் மீன் சாறும் உப்புத்தான். அஜினோமோட்டோவிலும் சோடியம் இருக்கிறது. உப்புக்குப் பதில் என்று விற்கும் பொட்டாசியம் உப்பை ஸ்பைரனோலாக்டோன், எனாலாப்ரில், லோசார்ட்டன் ஆகிய இதய, இரத்த அழுத்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகலாம். தினம் இரண்டு இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) வெயிலில் வாந்தி பேதி கண்டால் இந்த மருந்துகள் சிறுநீரகத்துக்கு எதிராகத் திரும்பும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையையும் எனாலாப்ரில் வகையையும் தொடர்வதா, ஓரிரு நாள் நிறுத்தி வைப்பதா என்று அன்றே கேட்டுவிட வேண்டும். தீமிதிக்கும் கந்த சஷ்டிக்கும் விரதம் இருக்கிறவர்கள், பீலிக்கான் கோவில் திருவிழாவுக்குப் போய் வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், ஒரு வாரம் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளட்டும். மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவதைச் சாமி குற்றமாக எடுத்துக்கொள்ளாது.

இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால், கார்வெடிலால் ஆகியவற்றைப் பற்றி ஒன்றே ஒன்று அழுத்திச் சொல்கிறோம்: திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடங்கியிருந்த படபடப்பும் நெஞ்சு வலியும் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பும். தொடங்கிய முதல் வாரங்களில் அசதியாக இருக்கும், பெரும்பாலும் போகப் போகக் குறையும். மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், 50க்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயும் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும். எனாலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் விடாமல் வந்தால் அது சளி அல்ல, மருந்தை மாற்றச் சொல்லலாம். உதடும் நாக்கும் வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் சாப்பிடுபவர் காரணமில்லாத தசை வலியும் கறுத்த சிறுநீரும் கண்டால் நிறுத்திவிட்டுப் போய்க் காட்ட வேண்டும். இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம். கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸ் பழத்தை நிறையத் தின்ன வேண்டாம்.

பர்மாவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, வயதில் சின்னவர்கள். பிள்ளைப் பருவத்தில் தொண்டைப் புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் வந்து இதய வால்வு கெட்டவர்கள். இவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி 12 லட்சம் யூனிட், இடுப்பில் போட்டால் இரண்டு நாள் வலிக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், அடுத்த தொண்டைப் புண் வால்வை இன்னும் தின்னும். ஊசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு, இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் ஆயுள் மருந்து. 1, 2, 3, 5 மில்லிகிராம் என்று பல அளவில் வருவதால், "ஒன்றரை மாத்திரை" என்று சொல்வது ஆபத்து, "மூன்று மில்லிகிராம்" என்றே பேச வேண்டும். மாலையில் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மறந்து அன்றிரவே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டதை விட்டதாக எழுதிவிட்டு வழக்கமான அளவை மட்டும் சாப்பிடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை எண் 2க்கும் 3க்கும் நடுவில் என்பது பொதுவாக, மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரை. சின்பாவ் என்று இங்கே சொல்லும் புளிச்சக்கீரையையும் மற்ற கீரைகளையும் நிறுத்தத் தேவையில்லை, வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு தினமும் தின்றால் எண் இறங்கும், வால்வில் இரத்தம் உறையும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்சசினும் எண்ணை ஏற்றி இரத்தக் கசிவில் விடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிராக எண்ணை இறக்கும். புது மருந்து எது தொடங்கினாலும், நிறுத்தினாலும், சில நாளில் இரத்தம் பார்க்க வேண்டும்.

காசு இல்லாமல் நாள் கணக்கில் மாத்திரை வாங்குகிறவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆனால் எதை வாங்குவது, எதை விடுவது என்று அவர்களே முடிவெடுக்கும்போது சிவப்புச் சத்து மாத்திரையை வாங்கிவிட்டு க்ளோபிடோக்ரெலை விட்டுவிடுகிறார்கள். இருக்கிற பணத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மலிவான கம்பெனி எது, விட முடிந்த டானிக் எது என்று அவர் சொல்வார். குறைவாக வாங்கினாலும் பெயர் அச்சான துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தால் கடைக்காரர் கையாலேயே பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லுங்கள். வைக்கும் இடமும் முக்கியம். சாமி விளக்குக்குப் பக்கத்திலும் அரிசிக் குக்கருக்கு மேலும் வேண்டாம், 30 டிகிரிக்குக் கீழே, மழைக்காலத்து ஈரம் படாமல் இருக்கட்டும். அட்டையிலிருந்து உதிர்த்து வைத்த ஆஸ்பிரினை முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசம் அடித்தால் அது கெட்டுவிட்டது.

ஆசிரியர் வழியாகக் கோவில் நிர்வாகிகளையும் தமிழ்ச் சங்கத்தாரையும் ஒன்று கேட்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் கொடுங்கள். மருந்து தெரிந்த ஒருவர் உட்காரட்டும். வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும், எண்ணெயையும், லேகியத்தையும், காலாவதியானதையும், அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரட்டும். மேசையில் கொட்டிப் பிரித்தால் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும், பெயரில்லாத பொட்டலமும் அங்கேயே தெரிந்துவிடும். ஆளுக்கு அரை மணி நேரம் வேண்டியிருக்கும். யார் மருந்தையும் அங்கே மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். கண்டதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தனுப்பினால் போதும். அந்தத் தாளில் இடப்பக்கம் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இங்கிலீஷிலும் பர்மியத்திலும் இருக்கட்டும், கடைக்காரருக்காக. வலப்பக்கம் எதற்கு, எப்போது என்பது தமிழில் இருக்கட்டும், வீட்டுக்காக. எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு நகல் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டவும், ஒன்று மடித்துச் சட்டைப் பையில் வைக்கவும்.

இப்படிக்கு,
மருந்துக் கடை ஊழியர்களும் தாதியரும் சிலர்,
யாங்கோன்